ஒரு தாள் கேட்டால் மூன்று வருகிறது: வாசகர் கேள்வி பதில்

மழை தொடங்கினால் போதும், தாள் சிக்கல் பற்றிய கடிதங்களும் தொடங்கிவிடும். இம்மாதம் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து மட்டும் ஒரு கட்டு வந்திருக்கிறது. போட்டோஸ்டேட் கடை, தமிழ்ப்பள்ளி, கோயில், அச்சகம், தோட்ட அலுவலகம் என்று எழுதியவர்கள் வேறு வேறு இடத்தவர்கள். குறை ஏறக்குறைய ஒன்றே என்பதால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கே: பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாக இயந்திரம் இரண்டு மூன்று தாளைச் சேர்த்தே இழுக்கிறது. பழுது பார்க்க வந்தவர் ரோலரை மாற்றச் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா, உண்மையா?
– கடைக்காரர், சுங்கை சிப்புட்

ப: அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். காசு கொடுப்பதற்கு முன் பத்து நிமிடத்தில் நீங்களே சோதித்துவிடலாம், ஐயா.

முதலில் தட்டுக்கு மேலே நடப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று ரப்பர் ரோலர்கள் இருக்கும். எடுக்கும் ரோலர் மேல் தாளைத் தொட்டு முன்னே தள்ளும். ஊட்டும் ரோலர் அதை வாங்கி உள்ளே அனுப்பும். இதற்கு நேர் கீழே, முகத்தோடு முகம் வைத்தாற்போல், தடுக்கும் ரோலர் உட்கார்ந்திருக்கும். தாளை இழுப்பது பெரிய வித்தை அல்ல, இரண்டாவது தாளைப் பிடித்து நிறுத்துவதுதான் வித்தை. அந்த வேலை தடுக்கும் ரோலருடையது. அதன் உள்ளே ஒரு சிறிய கிளட்ச் உண்டு. ஒரே தாள் வந்தால் ரப்பருக்கும் தாளுக்கும் உள்ள பிடிப்பு கிளட்சை வென்றுவிடும்; ரோலர் தாளோடு சேர்ந்து முன்னே சுழலும். இரண்டு தாள் நுழைந்தால், தாளுக்கும் தாளுக்கும் இடையே உள்ள பிடிப்பு ரப்பரின் பிடிப்பைவிடக் குறைவு. அப்போது கிளட்ச் வெல்லும். கீழ்த்தாள் அங்கேயே நிற்கும், அல்லது பின்னே தள்ளப்படும். சிறிய பிரிண்டர்களில் இந்த ரோலருக்குப் பதில் ஒரு ரப்பர் பட்டையோ கார்க் பட்டையோ மட்டும் இருக்கும், வேலை ஒன்றுதான்.

இப்போது சோதனை. புதிய ரீம் (500 தாள் கட்டு) ஒன்றைப் பிரித்து, மேலும் கீழும் உள்ளதை விட்டுவிட்டு நடுவிலிருந்து 50 தாள் எடுத்துப் போடுங்கள். இரட்டை வரவில்லை என்றால் குற்றவாளி உங்கள் பழைய தாள். அப்போதும் வந்தால் அதே 50 தாளை இரண்டாவது தட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒழுங்காகப் போனால் முதல் தட்டின் ரோலர்தான் தேய்ந்திருக்கிறது. தாளே ஏறாமல் வெறுமனே சுற்றுகிறது என்றால் எடுக்கும் ரோலரைப் பாருங்கள். இரட்டையாக ஏறுகிறது என்றால் தடுக்கும் ரோலரைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இந்த ரோலரை விரலால் சுற்றினால் ஒரே சீரான இறுக்கம் தெரிய வேண்டும். தடையே இல்லாமல் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. அசையவே மறுத்தால் கிளட்ச் இறுகிவிட்டது. அப்படிப்பட்டது நல்ல தாளையும் தடுக்கும், ரப்பரையும் ஒரு பக்கமாகத் தேய்த்துவிடும்.

ரப்பர் பளபளவென்று மின்னினால் அது தேய்மானமாக இல்லாமல் அழுக்காக இருக்கவும் வாய்ப்பு உண்டு. தாளுக்கு வெண்மை தரக் கலக்கும் சுண்ணாம்புத்தூள் ரப்பரில் படிந்து மெழுகுபோல் ஆகிவிடும். நூல் விடாத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ரோலரை முழுச் சுற்றும் துடையுங்கள். காய்ந்தபின் ரப்பர் மங்கலாக, விரலில் ஒட்டுவதுபோல் இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். ரப்பர் உப்பி, பிறகு வெடிக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நாள் நன்றாக இழுக்கும், பிறகு ரோலர் வட்டம் கெட்டுத் தாள் கோணலாகப் போகத் தொடங்கும். மாற்றுவதென்றால் மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். புதிய ரப்பரும் பழைய ரப்பரும் ஒத்துப்போகாது.

இனி மழை விஷயம். அச்சுத் தாளுக்கு ஏற்ற காற்றீரப்பதம் ஏறக்குறைய 45 முதல் 55 விழுக்காடு. நம் ஊரில் மழைக்காலக் காலை நேரத்தில் அது 90-ஐத் தாண்டும். பிரித்து வைத்த ரீமின் ஓரங்கள் முதலில் ஈரத்தைக் குடிக்கும். ஓரம் நீளும், நடு நீளாது. அதனால்தான் ஓரம் அலை அலையாக நெளிகிறது. ஈரத்தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், விறைப்பும் போய்விடும். ரீம் உறையின் உட்பூச்சு ஈரத்தைத் தடுப்பதற்கென்றே போட்டது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் பிரியுங்கள். மிச்சத்தை அதே உறையில் மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள். சிமெண்டுத் தரையில் பெட்டியை வைக்காமல் பலகை மேல் வையுங்கள். மழைச்சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரில் சாய்க்க வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பல போட்டோஸ்டேட் இயந்திரங்களில் தாள் தட்டுக்கு அடியில் ஈரம் போக்கும் சிறிய ஹீட்டர் உண்டு. அதற்கென்று தனி சுவிட்ச் இருக்கும். இயந்திரத்தை அணைத்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை அந்த ஹீட்டர் வேலை செய்யும்படி அமைத்திருப்பார்கள். நாமோ இரவில் மின்சாரம் மிச்சம் பிடிக்கச் சுவரிலேயே அணைத்துவிட்டுப் போகிறோம். காலையில் முதல் ஐம்பது தாள் மட்டும் சிக்கி, பிறகு சரியாகிவிடுகிறது என்றால் அந்த ஹீட்டரைத் தேடுங்கள்.

கே: தாளைப் போடுவதற்கு முன் விசிற வேண்டும் என்கிறார்கள். உண்மையிலேயே பயன் உண்டா? எந்தப் பக்கம் மேலே?
– கல்லூரி மாணவி

ப: உண்டு, தங்கச்சி. ஆலையில் கத்தி மழுங்கியிருந்தால் வெட்டிய ஓரத்தில் நுண்ணிய பிசிறு ஏற்பட்டு, தாள்கள் ஓரத்தில் மட்டும் கோத்துக்கொள்ளும். விசிறினால் அது விடும், இடையே காற்றும் புகும். நான்கு ஓரத்தையும் விசிறி, மேசையில் தட்டி நேராக்கிப் போடுங்கள். பக்கம் அறிய ரீம் உறையின் முனையில் ஓர் அம்புக்குறி இருக்கும்; அது காட்டும் பக்கத்தில்தான் முதலில் அச்சிட வேண்டும். உங்கள் இயந்திரத் தட்டில் அச்சாவது மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்று அறிய, மேல் தாளில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். வெளிவரும் தாள் மிகவும் சுருண்டால் கட்டைப் புரட்டிப் போட்டால் போதும்.

கே: எங்கள் பள்ளியில் தவணைச் சோதனைத் தாள்களை ரிசோ இயந்திரத்தில் (மை உருளையால் நகல் அடிப்பது) அடிக்கிறோம். கட்டின் நடுவில் வெற்றுத்தாள் வருகிறது. சில பிள்ளைகளுக்குப் பின்பக்கக் கேள்விகள் மட்டுமே கிடைத்தன. வேறு சில நாள் தாள் உருளையிலேயே ஒட்டிக்கொள்கிறது.
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

ப: இவை இரண்டும் வெவ்வேறு குறைகள், டீச்சர்.

வெற்றுத்தாள் என்பது இரட்டையாக ஏறியதற்குச் சாட்சி. இரண்டு தாள் சேர்ந்து போனால் மையோடு தொடும் தாள் மட்டும் அச்சாகும், மற்றது வெள்ளையாக வரும். அதையே திருப்பி மறுபக்கம் அடித்தால் ஒரு பக்கம் மட்டும் உள்ள கேள்வித்தாள் பிறக்கும். ரிசோவில் தாளைப் பிரிப்பது எடுக்கும் ரோலருக்குக் கீழே உள்ள ஒரு ரப்பர் பட்டை. அதை ஈரத்துணியால் துடையுங்கள். தாள் அழுத்த நெம்புகோல் சாதாரணத் தாளுக்கு உரிய இடத்தில் இருக்கிறதா, யாராவது அட்டை அடித்துவிட்டு மாற்றாமல் போனார்களா என்று பாருங்கள். பாதிக் குறை இதில் தீர்ந்துவிடும். தட்டை நிரப்பாமல் முந்நூறு தாளோடு நிறுத்துங்கள். முதல் பக்கம் அடித்தவுடனே திருப்பிப் போட வேண்டாம். ரிசோ மை தாளுக்குள் ஊறித்தான் காயும். ஊறாத மை ரோலரில் ஏறினால் பிடிப்பு போய்விடும், அடுத்த தாளிலும் கறை படியும். இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம் என்று வைத்துக்கொண்டால் நிம்மதி.

வெற்றுத்தாளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று. மூலப்பக்கத்தின் கீழ் மூலையில், ஓரத்திலிருந்து 10 மில்லிமீட்டர் உள்ளே, தடித்த கறுப்புக் கோடு ஒன்று போடுங்கள். மறுபக்கத்துக்கு எதிர் மூலையில் இன்னொன்று. அடித்து முடித்ததும் அந்த மூலையை விரலால் விசிறினால், கோடு ஓடிக்கொண்டே வந்து ஓரிடத்தில் பளிச்சென்று காணாமல் போகும். அந்தத் தாளை உருவி எடுத்துவிடலாம். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

உருளையில் ஒட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் பக்கத்தின் தலைப்பகுதி. பள்ளிச் சின்னமும் கறுப்புப் பட்டைத் தலைப்பும் தாளின் முன்னோரத்தை ஒட்டி இருந்தால், அவ்வளவு மையும் பசைபோல் தாளைப் பிடித்துக்கொள்ளும். தாளை உருளையிலிருந்து பிரித்தெடுக்கும் விரல் போன்ற பாகத்துக்கும் காற்றுக்கும் பிடிக்க வெற்றிடம் வேண்டும். முன்னோரத்தில் குறைந்தது 5 மில்லிமீட்டர் வெள்ளையாக விடுங்கள், அதற்கு மேலும் விட்டால் இன்னும் நல்லது. அப்படியும் ஒட்டினால் மூலத்தைத் தலைகீழாக வைத்து மாஸ்டர் (உருளையில் சுற்றும் அச்சுப்படி) எடுங்கள். கறுப்பு வால்பக்கம் போய்விடும், வெறும் ஓரம் முன்னே வரும். சதுர மீட்டருக்கு 60 கிராமுக்குக் குறைந்த மெல்லிய தாள் என்றால் இந்தத் தொல்லை கூடும். விலை குறைவு என்று அதை வாங்கும் பள்ளிகள் வீணாகும் தாளையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம்.

கே: தைப்பூசம் முடிந்து உண்டியல் எண்ணும்போது நோட்டு எண்ணும் இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்குச் சொல்கிறது. செயலவையில் சண்டையே வந்துவிட்டது.
– கோயில் பொருளாளர்

ப: சண்டைக்குக் காரணம் ஆள் இல்லை, விபூதி. உண்டியல் நோட்டு வங்கி நோட்டு மாதிரி வருவதில்லை. விபூதி மிக நுண்ணிய சாம்பல். ரப்பரில் படிந்தால் பவுடர் பூசியது போல வழுக்கும். குங்குமமும் சந்தனமும் எண்ணெயோடு சேர்ந்தால் நோட்டை ஒட்டவைக்கும். கற்பூரப் புகைக்கரி எண்ணும் ஒளிக்கண்ணை மறைக்கும். ஒரே கட்டில் ஒரு நோட்டு வழுக்க, அடுத்த நோட்டு ஒட்டினால் எந்த இயந்திரம் தாங்கும்? போதாததற்கு நான்காக மடித்த நோட்டுகள் வேறு.

எண்ணுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். நோட்டுகளை விரித்து நீவி, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் இரு பக்கமும் தட்டுங்கள். இதை இயந்திரத்துக்குத் தள்ளி, வேறு மேசையில் செய்யுங்கள். வெள்ளி (ரிங்கிட்) மதிப்பு வாரியாகப் பிரியுங்கள். 1 வெள்ளியும் 5 வெள்ளியும் பாலிமர், 10 முதல் 100 வரை காகிதம். பாலிமர் வழவழப்பானது, மடித்தால் மடிப்பு சட்டென்று போகாது, புத்தம் புதியது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைக் காகித நோட்டோடு கலந்து ஓடவிட்டால் ரோலரின் ஒரே இடைவெளி இரண்டுக்கும் பொருந்தாது. நீளமும் வேறு: 1 வெள்ளி 120 மில்லிமீட்டர், 100 வெள்ளி 150 மில்லிமீட்டர். பக்க வழிகாட்டியை ஒவ்வொரு முறையும் நகர்த்துங்கள். இல்லையென்றால் சின்ன நோட்டு கோணலாக இறங்கும்.

பிறகு இடைவெளித் திருகு. நோட்டு போடும் தட்டின் பின்புறத்தில் இருக்கும். கையால் இரண்டு முறை எண்ணிய 100 நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை ஓட்டுங்கள். 100-க்குக் குறைவாக வந்தால் இரண்டு நோட்டு ஒன்றாக நழுவுகிறது, இடைவெளி அதிகம்; கால் சுற்று இறுக்குங்கள். இயந்திரம் அடிக்கடி நின்றாலோ, நோட்டு கசங்கினாலோ, ஒரு பக்கமாகச் சாய்ந்தாலோ இடைவெளி குறைவு. கால் சுற்று தளர்த்துங்கள். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருக வேண்டாம், பழைய இடம் தெரியாமல் போகும். தொடங்குமுன் திருகில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். 100-க்கு அதிகமாக வந்தால் கிழிந்த நோட்டையோ பாதி நோட்டையோ தேடுங்கள். ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று பார்த்து இரட்டையைக் கண்டுபிடிக்கும் வசதி உங்கள் இயந்திரத்தில் இருந்தால், பாலிமர் நோட்டின் கண்ணாடிச் சாளரம் அதைக் குழப்பலாம். 1, 5 வெள்ளி எண்ணும்போது அதன் கூர்மையைக் குறைத்துப் பாருங்கள்.

ஆயிரம் நோட்டுக்கு ஒரு முறை ரோலரை ஈரத்துணியாலும், ஒளிக்கண்ணைக் காய்ந்த பஞ்சுக்குச்சியாலும் துடையுங்கள். ஒவ்வொரு நூறையும் இரண்டு முறை ஓட்டுங்கள், இரண்டாம் முறை கட்டைத் திருப்பிப் போட்டு. இரண்டு எண்ணிக்கையும் ஒத்தால் மட்டும் ரப்பர் பேண்ட் போடுங்கள். நேரம் ஆகும்தான். செயலவைக் கூட்டம் அதைவிட நீளமாகப் போகும்.

கே: சிறிய ஆஃப்செட் இயந்திரத்தில் வேலை பார்க்கிறேன். தாளைக் காற்றால் இழுத்துத் தூக்கும் ‘உறிஞ்சி’ இரண்டு தாளைத் தூக்குகிறது. இரட்டைத்தாள் பிடிக்கும் கருவியோ சில நேரம் ஒற்றைத் தாளுக்கே நிறுத்திவிடுகிறது.
– அச்சகத் தொழிலாளி

ப: தம்பி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகாதீர்கள். ஓர் ஒழுங்கு இருக்கிறது: அடுக்கு, உயரம், காற்று, உறிஞ்சல், கடைசியில்தான் கருவி.

அடுக்கின் மேற்பரப்பு சமமாக இருக்க வேண்டும். மூலை தொங்கினால் அட்டைத் துண்டை ஆப்பாகச் செருகுங்கள். உயரம் முன்தடுப்பின் மேல்விளிம்புக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கீழே இருக்கலாம். மெல்லிய தாளுக்கு இன்னும் கொஞ்சம் கீழே, அட்டைக்குக் கொஞ்சம் மேலே. காற்றைத் திறந்தால் மேல் எட்டுப் பத்துத் தாள் மட்டும் ஒன்றுக்கொன்று விலகி மிதக்க வேண்டும். அதற்கு மேல் மிதந்தால் காற்று அதிகம், அடுக்கே குலையும். அசையவே இல்லையென்றால் பிரிப்பு நடக்கவில்லை.

உறிஞ்சலில்தான் பலர் தவறுவது. தாள் ஏறவில்லை என்றதும் உறிஞ்சலைக் கூட்டுகிறோம். சாதாரண எழுதுதாளில் நுண்துளைகள் உண்டு. உறிஞ்சல் கூடினால் அந்தத் துளை வழியே அடுத்த தாளையும் சேர்த்துப் பிடிக்கும். ஒரு தாளைத் தூக்கப் போதுமான அளவு எதுவோ அதில் நிறுத்துங்கள். உறிஞ்சியின் முனையைச் சற்றுச் சாய்த்து வைத்தால் தூக்கும்போது தாளின் ஓரம் வளையும். வளைவில் மேல்தாளும் கீழ்த்தாளும் ஒன்றுபோல் நகர முடியாது, ஒட்டு விடும். பின்னோரத்தில் உள்ள மெல்லிய எஃகுப் பட்டையும் பிரஷ்ஷும் அதே வேலைக்குத்தான். அவை தாளின் மேல் 3 மில்லிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் போதும். கனமான அட்டைக்கு மட்டும் ரப்பர் வட்டம் போட்டு உறிஞ்சல் பரப்பைக் கூட்டுங்கள். அட்டை வேலை முடிந்ததும் அதைக் கழற்ற மறக்காதீர்கள்.

இப்போது கருவி. அது தாளின் கனத்தை (எடையை அல்ல, தடிப்பை) அளக்கும் ஒரு சக்கரம், அவ்வளவுதான். அன்றைய வேலைக்கான அதே தாளில் ஒரு நீளத்துண்டு கிழியுங்கள். ஒற்றைத் துண்டைச் செருகி, கருவி நிறுத்தும்வரை சக்கரத்தை இறக்குங்கள். பிறகு ஒற்றை தடையின்றிப் போகும்வரை மெல்ல ஏற்றிப் பூட்டுங்கள். இரண்டு துண்டைச் சேர்த்துச் செருகினால் நிறுத்த வேண்டும். ஏறக்குறைய ஒன்றரைத் தாள் கனத்தில் நிற்க வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: தாள் 0.10 மில்லிமீட்டர் என்றால் இடைவெளி 0.15. ஒற்றைக்கே நிறுத்துகிறது என்றால் சக்கரத்தில் மை, தூள் ஒட்டியிருக்கும், அல்லது நேற்றைய தாளுக்கு வைத்த அளவே இன்றும் இருக்கும். தாள்கள் மீன்செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிப்போகும் பெரிய இயந்திரத்தில் சக்கரத்தின் கீழ் எப்போதும் இரண்டோ மூன்றோ தாள் இருக்கும். அங்கே அந்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்று வந்தால் நிறுத்தும்படி வைக்க வேண்டும்.

ஒரு பொறி: 128 கிராம் பளபள ஆர்ட் தாளும் 80 கிராம் சாதாரணத் தாளும் கனத்தில் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் 0.10 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். ஆர்ட் தாளை அழுத்தி மெருகேற்றியிருப்பதால் எடை கூடியும் கனம் கூடவில்லை. ஆகவே கிராம் எண்ணை வைத்துக் கருவியை ஒழுங்குபடுத்தாதீர்கள்.

கே: கோயில் ரசீதுப் புத்தகத்தில் 347-க்குப் பிறகு 349 வருகிறது. கணக்காய்வாளர் கேள்வி கேட்கிறார். இன்னொரு புத்தகத்தில் எண்ணே இல்லாத ரசீது.

ப: எண்ணில்லாத ரசீது இரட்டைத்தாள். எண் பெட்டி (வரிசை எண் அடிக்கும் கருவி) மேல்தாளில் அடித்தது, கீழ்த்தாளுக்கு அழுத்தம் மட்டுமே கிடைத்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கலான பள்ளம் தெரியும். எண் விடுபட்டது இதற்கு நேர் எதிர்: தாள் ஏறாதபோது பெட்டி வெறும் மெத்தைத் தாளில் அடித்துவிட்டு ஒன்று நகர்ந்துவிட்டது. கையால் தாள் வைக்கும் இயந்திரத்தில் இது சகஜம். தைக்குமுன் ஒவ்வொரு புத்தகத்தின் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கழித்து ஒன்று கூட்டி, தாள் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்ட எண்ணை அச்சகமே தனித்தாளில் அடித்துச் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் “348 அச்சாகவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். ஏற்கெனவே வழங்கிய ரசீதில் பேனாவால் எண் எழுதுவது மட்டும் கூடாது.

கே: தோட்ட அலுவலகத்துக்கு வரும் “80 கிராம்” தாள் மெல்லியதாகத் தெரிகிறது. உண்மையா என்று அளக்க முடியுமா? ரீமில் 500 இருக்கிறதா என்று எண்ணாமல் அறிய வழி உண்டா?
– அலுவலகக் கிராணி

ப: இரண்டுக்கும் சமையலறைத் தராசு போதும். 80 கிராம் என்பது ஒரு தாளின் எடை அல்ல, ஒரு சதுர மீட்டரின் எடை. ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர். அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4. ஆகவே 16 ஏ4 சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். ஜெர்மானியர்கள் 1922-இல் இந்த அளவு வரிசையைத் தர நிர்ணயமாக்கியபோது நமக்கு இந்தச் சுலபக் கணக்கும் கிடைத்துவிட்டது. 80-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு தாள் 5 கிராம். பத்துத் தாள் 50 கிராமுக்கு ஒட்டி நிற்க வேண்டும். 70 கிராம் தாள் என்றால் பத்துக்கு 43.7 வரும். ஒரு கிராம் துல்லியமுள்ள தராசே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும். உறை நீக்கிய முழு ரீம், 80 என்றால் 2.5 கிலோ, 70 என்றால் 2.18 கிலோ.

எண்ணிக்கையை எடையால் அறிவதில் ஒரு கண்ணி உண்டு. தாளின் ஈரம் ஒரு விழுக்காடு கூடினால் எடையும் ஒரு விழுக்காடு கூடும். 500 தாளில் அது 5 தாள். மழை நாளில் 495 தாள் உள்ள ரீம் 500 என்று நடிக்கும். எனவே தாளின் எடையை உறையில் உள்ள எண்ணிலிருந்து கணக்கிடாமல், அதே ரீமிலிருந்து 100 தாளைக் கையால் எண்ணி உடனே நிறுத்துப் பாருங்கள். அந்த எடையை வைத்து மிச்சத்தை வகுத்தால் ஈரம் இரண்டு பக்கமும் ஒன்றாகி, கணக்கிலிருந்து நீங்கிவிடும்.

மெல்லியதாகத் தெரிவது வேறு விஷயம். எடை சரியாக இருந்தும் கனம் குறைந்திருக்கலாம். ஒற்றைத் தாளை அளக்காதீர்கள். பத்துத் தாளைச் சேர்த்து, ஓரத்துப் பிசிறைத் தவிர்க்க 20 மில்லிமீட்டர் உள்ளே, மைக்ரோமீட்டரின் கைப்பிடி ‘கிளிக்’ என்று சொல்லும்வரை மட்டும் திருகி, ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுத்துப் பத்தால் வகுங்கள். 80 கிராம் நகல் தாள் 0.10 மில்லிமீட்டரைச் சுற்றி வரும். ஆய்வகங்கள் தாளை 23 பாகை செல்சியஸ், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் பதப்படுத்திய பிறகே அளக்கின்றன. வெப்ப நாடுகளுக்கு 27 பாகை, 65 விழுக்காடு என்று ஒரு சலுகையும் உண்டு. விற்றவரோடு வாதம் முற்றினால் இது உதவும்.

கே: ஸ்கேனர் இரண்டு தாள் சேர்ந்து போனதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அடையாள அட்டை நகல் ஒட்டிய பாரம் (படிவம்) போட்டால் வீணாக நின்றுவிடுகிறதே?

ப: காதால் கேட்டுத்தான். தாளின் ஒரு பக்கத்திலிருந்து மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி மறுபக்கம் கேட்கிறது. ஒரு தாளை ஒலி ஓரளவு கடந்துவிடும். இரண்டு தாளுக்கு இடையே மெல்லிய காற்றுப்படலம் இருப்பதால் ஒலி வெகுவாக மங்கிவிடும். கனத்தை அளக்காததால் மெல்லிய தாளையும் தடித்த தாளையும் கலந்து போட்டாலும் குழம்பாது. ஆனால் ஒட்டிய படம், உறை, அஞ்சல்தலை எல்லாவற்றிலும் அதே காற்றுப்படலம் உண்டு. இயந்திரத்தைப் பொறுத்தவரை அவை இரண்டு தாள்தான். அமைப்பில் போய் அந்தப் பகுதியை மட்டும் விலக்கலாம், அல்லது அந்தப் பாரத்துக்கு மட்டும் இரட்டைச் சோதனையை அணைக்கலாம். முழுக்கட்டுக்கும் அணைத்து வைத்தால் இரண்டு தாள் சேர்ந்து போனதே தெரியாது.

கே: கல்யாணப் பத்திரிகைக்கு 300 கிராம் அட்டையைப் பிரிண்டரில் போட்டால் பாதியில் சிக்குகிறது. மடித்தால் வெடிக்கிறது.

ப: இரண்டுக்கும் அட்டையின் இழைத் திசைதான் காரணம். சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள், குழாய்போல் சுருளும். குழாயின் நீளம் எந்தத் திசையோ அதுவே இழை. இழை ரோலருக்கு இணையாக இருந்தால் அட்டை சுலபமாக வளைந்து போகும், குறுக்கே இருந்தால் மரப்பலகைபோல் முட்டும். வழக்கமான ஏ4-இல் இழை நீளவாக்கில் ஓடும். ஆகவே நீளப் பக்கம் முன்னே போகும்படி படுக்கையாகப் போட்டுப் பாருங்கள். கீழ்த்தட்டில் வேண்டாம், பக்கவாட்டுக் கைத்தட்டில் போடுங்கள், வளைவு குறைவு. தாள் வகையைத் தடித்தது என்று மாற்றுங்கள். மடிப்பும் இழைக்கு இணையாக, மழுங்கிய முனையால் கோடு அழுத்திய பிறகு.

கே: சிக்கிய தாளை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும்?

ப: தாள் போகும் திசையில், இரு கைகளாலும், மெல்ல. பின்னோக்கி இழுத்தால் தாளின் வருகையை அறியும் பிளாஸ்டிக் நாக்குகள் உடையும், உருகாத பொடி மை ரோலரில் அப்பும். கையில் மை பட்டால் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். சுடுநீர் அதைத் தோலிலேயே உருக்கும். கிழிந்தால் துண்டுகளை மேசையில் சேர்த்து முழுத் தாள் ஆகிறதா என்று பாருங்கள். நகம் அளவு துண்டு உள்ளே தங்கினாலும் அடுத்த தாள் அங்கேதான் முட்டும். மையை உருக்கும் பகுதி 200 பாகையை நெருங்கிச் சூடாக இருக்கும், ஆறவிட்டுக் கை வையுங்கள். 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரத்தில் தாள் அந்தச் சூட்டில் சிக்கித் தீப்பிடித்ததால், கூடவே ஒரு சிறிய தீயணைப்பானையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்றைய இயந்திரம் சூடு மீறினால் தானே அணைந்துவிடும்.